பால் ஊற்றும் பணிப்பெண்ணை எந்த அளவில், எதில் அச்சிட்டு வாங்குவது?

நீங்கள் கேட்டிருப்பது இது: 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் வெர்மீர் வரைந்த ‘பால் ஊற்றும் பணிப்பெண்’ ஓவியத்தின் நல்ல அச்சுப் பிரதி ஒன்றை வரவேற்பறைச் சுவரில் மாட்ட விரும்புகிறீர்கள். ஒரு கடை 36க்கு 24 அங்குலக் கான்வாசில் ‘ஜிக்ளே’ (இங்க்ஜெட்) பிரின்ட் தருகிறது. இன்னொரு கடை ஏறத்தாழ அதே விலைக்கு 20க்கு 16 அங்குலப் பருத்திக் காகிதத்தில் தருகிறது. எதை வாங்குவது, இரு கடைகள் காட்டும் படங்களிலும் சுவரின் நிறம் ஏன் வேறுவேறாக இருக்கிறது என்பது கேள்வி. கான்வாசா காகிதமா என்று கேட்டிருந்தாலும், எது அசலுக்கு நெருக்கமாக இருக்கும் என்பதைத்தான் அறிய விரும்புகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அந்தக் கோணத்தில் பார்த்தால் கான்வாஸ், காகிதம் என்ற தேர்வு மூன்றாம் இடத்துக்குப் போய்விடுகிறது. கடைக்காரர் அச்சிடும் படக்கோப்பு எங்கிருந்து வந்தது என்பது முதலாவது; எந்த அளவில், எவ்வளவு வெட்டி அச்சிடுகிறார் என்பது இரண்டாவது. ஓவியப் பிரதிகளுக்கு நிறம் பார்த்துத் தரும் வேலையில் நெடுங்காலமாக இருக்கிறேன். வாங்குபவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இந்த இரண்டில்தான், மையிலோ காகிதத்திலோ அல்ல.

நிறக் குழப்பத்துக்கு நீங்கள் தேர்ந்தெடுத்த ஓவியமே பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. அசலை வைத்திருக்கும் ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம், இணையத்தில் இதன் நகல்கள் பத்தாயிரத்துக்கு மேல் உலவுவதையும், அவற்றுள் பெரும்பாலானவை மஞ்சள் படிந்த மட்டமான நகல்கள் என்பதையும் கண்டது. அந்த மஞ்சளுக்குப் பழகிய கண்கள், அருங்காட்சியகக் கடையில் விற்ற சரியான நிறமுள்ள அஞ்சலட்டைகளை நம்ப மறுத்தன. இதை 2011இல் ஐரோப்பியப் பண்பாட்டுச் சேகரங்களை இணையத்தில் திரட்டித் தரும் யூரோப்பியானா வெளியிட்ட ஓர் அறிக்கை பதிவு செய்திருக்கிறது. கெட்ட நகல்களை விரட்ட நல்ல படத்தை நாமே வெளியே விடுவதுதான் வழி என்ற எண்ணத்துக்கு அருங்காட்சியகம் வந்தது. 2012 முதல் ரைக்ஸ்ஸ்டூடியோ என்ற தன் தளத்தின் வழியாக உயர்ந்த தரமுள்ள படங்களை யாரும் இலவசமாகத் தரவிறக்கிக்கொள்ள வழிசெய்தது. ஆகவே முதலில் அந்தப் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு, இரு கடைகளும் காட்டும் படங்களை அதனோடு ஒப்பிடுங்கள். மூன்றையும் ஒரே திரையில், ஒன்றன்பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். கைபேசியில் ஒன்றையும் கணினியில் இன்னொன்றையும் பார்த்து ஒப்பிடுவதில் பயன் இல்லை.

பார்க்கும்போது முகத்தை விட்டுவிட்டுச் சுவரைப் பாருங்கள். அந்தப் பெண்ணின் பின்னால் இருக்கும் வெள்ளைச் சுவர் ஒரே வெள்ளை அல்ல. இடப்பக்கம் சன்னலுக்குக் கீழே அது குளிர்ந்த சாம்பலாக இருக்கிறது. வலப்பக்கம் போகப்போக வெளிச்சம் ஏறுகிறது. சுவரின் மேற்பகுதியில் ஓர் ஆணி, அதன் சின்னஞ்சிறு நிழல், முன்பு ஆணி அடித்துப் பிடுங்கிய துளைகள் எல்லாம் இருக்கின்றன. அவளுடைய வலப்புற உருவரையை ஒட்டி, சுவரிலிருந்து அவளைப் பிரித்துக் காட்டும் மெல்லிய வெண்கோடு ஒன்று ஓடுகிறது. கீழே வலது மூலையில் கால் சூடேற்றும் சிறு மரப்பெட்டி. அதன் பின்னால் சுவரடியில் டெல்ஃப்ட் நகரப் பாணிச் சித்திர ஓடுகள், அவற்றுள் ஒன்றில் குட்டி மன்மதன். மேசையிலுள்ள ரொட்டியின் மேல் வெர்மீர் புள்ளிபுள்ளியாக வைத்த வெளிச்சத் துளிகள் தனித்தனியே தெரிய வேண்டும். சுவர் முழுவதும் வெண்ணெய் நிறத்தில் வழுவழுவென்று இருந்து, ஆணியின் நிழலும் ரொட்டியின் புள்ளிகளும் குழைந்து போயிருந்தால், அந்தக் கோப்பு ஏதோ பழைய புத்தகத்தையோ அஞ்சலட்டையையோ ஸ்கேன் செய்து எடுத்ததாக இருக்கலாம், அல்லது சிறிய படத்தை மென்பொருளால் ஊதிப் பெருக்கியதாக இருக்கலாம். எத்தனை விலையுயர்ந்த காகிதத்தில் அச்சிட்டாலும் அது தேறாது.

இதில் உறுதியாகச் சொல்லக்கூடியதையும் சொல்ல முடியாததையும் பிரித்துவிட வேண்டும். கோப்பு எங்கிருந்து வந்தது, எத்தனை பிக்சல், எவ்வளவு வெட்டப்பட்டது என்பவை கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடிய, பொய் சொன்னால் பிடிபடக்கூடிய செய்திகள். “நிறம் அசலைப் போலவே இருக்கும்” என்ற வாக்குறுதி அப்படிப்பட்டதல்ல. அருங்காட்சியகம் எடுத்த படமேகூட ஒரு குறிப்பிட்ட ஒளியமைப்பில் ஒரு கேமரா பதிவு செய்ததுதான். அதிலிருந்து அச்சுக்குப் போகும்போது ஒவ்வொரு மைக்கும் காகிதத்துக்கும் ஓர் எல்லை உண்டு. இந்த ஓவியத்தில் அந்த எல்லை நீலத்தில் தெரியும். அவளுடைய மேலுடுப்பின் மஞ்சள் ஈயமும் வெள்ளீயமும் சேர்ந்த நிறமி. அதை அச்சில் பிடிப்பது பெரிய சிரமமல்ல. இடுப்புத் துணியின் நீலமோ லாபிஸ் லசுலி கல்லை அரைத்தெடுத்த அல்ட்ராமரின். நான்கு வண்ண அச்சில் அது ஒன்று ஊதாவாகச் சாயும், அல்லது மங்கிவிடும். பத்து, பன்னிரண்டு மைகள் கொண்ட இங்க்ஜெட் இயந்திரங்கள் அதற்கு நன்றாகவே நெருங்கி வரும். நான்கு வண்ணப் போஸ்டர் அச்சுக்கு அதிக விலை கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இந்த நீலம் ஒன்றே போதுமான காரணம்.

இனி அளவு. அசல் 45.5 செ.மீ. உயரமும் 41 செ.மீ. அகலமும் கொண்டது, அதாவது ஏறத்தாழ 18 அங்குலத்துக்கு 16 அங்குலம். முதன்முறை நேரில் பார்க்கிறவர்கள் பலரும் இவ்வளவு சிறியதா என்றுதான் கேட்பார்கள். அந்தச் சிறிய அளவில்தான் ரொட்டியின் புள்ளிகள் வெளிச்சமாகத் தெரிகின்றன. இரு மடங்காக்கினால் அவை வெறும் புள்ளிகளாகிவிடுகின்றன. வண்ணப் பரப்பில் காலம் உண்டாக்கிய நுண்விரிசல்களும் அதே கணக்கில் பெருகி முன்னால் வந்து நிற்கும். கணக்காகவும் பார்க்கலாம். கையெட்டும் தூரத்தில் பார்க்கும் பிரதிக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் என்பது வழக்கமான அளவு. அசல் அளவில் அச்சிட நெட்டில் ஏறத்தாழ 5,400 பிக்சல் வேண்டும். அதே கோப்பை 36 அங்குலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 150தான் மிஞ்சும். பத்தடி தள்ளி நின்றால் இது கண்ணுக்குத் தெரியாது என்பது உண்மை. ஆனால் இந்த ஓவியத்தைப் பத்தடி தள்ளி நின்று பார்க்கவா வாங்குகிறீர்கள்?

அதைவிடப் பெரிய சிக்கல் வெட்டு. ஓவியம் கிட்டத்தட்ட சதுரம். 36க்கு 24 என்ற சட்டம் அப்படியல்ல. உயரம் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு. உயரத்தை முழுதாக வைத்துக்கொண்டால் அசலின் 41 செ.மீ. அகலத்தில் 30 செ.மீ.தான் உள்ளே வரும், கால்பங்குக்கு மேல் வெளியே போய்விடும். ஒன்று சன்னலும் கூடையும் போகும், அல்லது கால் சூடேற்றும் பெட்டியும் ஓடுகளும் போகும். சில கடைகள் வெட்டுவதற்குப் பதில் படத்தையே இழுத்து ஒல்லியாக்குவதும் உண்டு. அது இன்னும் மோசம். இதற்கு மேல், கான்வாசை மரச்சட்டத்தில் சுற்றி மாட்டும்போது படத்தின் ஓரங்களையே பக்கவாட்டுக்கு மடித்துவிட்டால் நான்கு புறமும் இன்னொரு விரலளவு குறையும். 20க்கு 16 அங்குலக் காகிதத்திலும் முழுக்க நிரப்பி அச்சிட்டால் அகலத்தில் 4.6 செ.மீ. இழப்பு உண்டு. ஆனால் அகலத்தை 16 அங்குலத்துக்கு வைத்து, மேலும் கீழும் ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாக வெள்ளை விட்டால், முழு ஓவியமும் அசல் அளவிலேயே கிடைத்துவிடும். ஃபிரேமுக்குள் அடங்க நாற்புறமும் ஓரம் வேண்டும் என்றால் சற்றுப் பெரிய தாளில் அதே அளவில் அச்சிடச் சொல்லலாம். ஆகவே நீங்கள் சொன்ன இரண்டில் என் தேர்வு காகிதம்தான், ஓரம் விட்டு முழுப்படமும் அச்சிடத் தருவார்கள் என்றால்.

சுவர் பெரிது, சிறிய படம் அதில் எடுபடாது என்று உங்கள் வீட்டில் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அது நியாயமான கவலை. அதற்கு என் பதில் சிறிய ஓவியத்தைப் பெரிதாக்காதீர்கள், பெரிய ஓவியத்தைத் தேர்ந்தெடுங்கள் என்பதே. வெர்மீரையே விரும்பினால் தி ஹேக் நகரின் மவுரிட்ஸ்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும் ‘டெல்ஃப்ட் நகரக் காட்சி’ 96.5க்கு 115.7 செ.மீ.; பெரிய சுவருக்கென்றே வரைந்தது போன்றது. டச்சு ஓவியர் ரூய்ஸ்டாலின் ‘வைக் பை டூர்ஸ்டேடே காற்றாலை’ 83க்கு 101 செ.மீ. அகலமான சோபாவுக்கு மேல் மாட்டுவதென்றால் இன்னொரு டச்சு ஓவியர் ஆவெர்காம்ப் 1608 வாக்கில் வரைந்த பனிச்சறுக்குக் காட்சி 77க்கு 132 செ.மீ. அளவு. அதில் நூற்றுக்கு மேற்பட்ட மனிதர்கள் உறைந்த ஆற்றின்மேல் சறுக்குகிறார்கள், விழுகிறார்கள், வம்பளக்கிறார்கள். நின்று பார்க்கும் குழந்தைகளுக்கு ஒரு மாதத்துக்குப் போதும். மறுபுறம், ரெம்ப்ராண்டின் ‘இரவுக் காவல்’ போன்றவற்றை வீட்டுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். அசல் 3.8 மீட்டர் உயரமும் 4.5 மீட்டர் அகலமும் உள்ளது. மூன்றடிக்குச் சுருக்கினால் ஆளுயர உருவங்கள் முழங்கை நீளம்கூடத் தேறாது, இருள் மட்டும் அப்படியே இருக்கும்.

ஓவியத்தைத் தேர்ந்த பின், அது எந்த நிலையிலுள்ள ஓவியம் என்பதையும் பார்க்க வேண்டும். அருங்காட்சியகங்கள் ஓவியங்களைத் துப்புரவு செய்யும்போது அவற்றின் தோற்றமே மாறிவிடுவதுண்டு. கடைகளோ பழைய கோப்புகளை விற்றுக்கொண்டே இருக்கும். வெர்மீரின் ‘முத்துத் தோடு அணிந்த பெண்’ 1994இல் பழுப்பேறிய வார்னிஷ் நீக்கிச் சீர்செய்யப்பட்டது. அதற்கு முந்தைய படங்களிலிருந்து எடுத்த பிரதிகளில் தோல் மஞ்சளடித்துத் தெரியும். இன்னும் பெரிய மாற்றம் ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகரில் இருக்கும், வெர்மீர் வரைந்த, திறந்த சன்னலருகே கடிதம் படிக்கும் பெண்ணின் ஓவியத்தில் நேர்ந்தது. அவளுக்குப் பின்னால் வெறுஞ்சுவர் என்றே எல்லோரும் எண்ணியிருந்த இடத்தில், வெர்மீர் இறந்த பிறகு வேறொருவர் பூசி மறைத்த மன்மதன் ஓவியம் இருந்தது. மேற்பூச்சை நீக்கி, 2021இல் அதைக் காட்சிக்கு வைத்தார்கள். இன்றும் கடைகளில் வெறுஞ்சுவர்ப் பிரதிகள் சாதாரணமாகக் கிடைக்கின்றன. வெறுஞ்சுவர்தான் பிடிக்கும் என்று ஒருவர் அதை வாங்கினால் அது அவர் உரிமை. எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கினால் சரி.

இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. 17ஆம் நூற்றாண்டு டச்சு மலர் ஓவியங்களில் இலைகள் சில நீலமாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நீலத்தோடு கலந்த தாவர மஞ்சள் காலப்போக்கில் வெளுத்து, நீலம் மட்டும் மிஞ்சியதால் வந்த நிறம் அது. இது பிழை என்று எண்ணிச் சில அச்சகங்கள் இலைகளைப் பச்சையாக்கிவிடுகின்றன. முதலில் எப்படிப்பட்ட பச்சையாக இருந்தது என்பதை ஆய்வாளர்களே ஊகமாகத்தான் சொல்கிறார்கள். அச்சகத்தில் உட்கார்ந்து அதைத் தீர்மானிக்க யாருக்கும் தகுதி இல்லை. அசல் இன்று எப்படி இருக்கிறதோ அதுதான் பிரதிக்கு அளவுகோல்.

இப்போது காகிதமும் மையும். ‘ஜிக்ளே’ என்பது இங்க்ஜெட் அச்சுக்கு வைத்த பெயர்; அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள எந்தத் தகுதிச் சான்றும் தேவையில்லை. நீங்கள் கேட்க வேண்டியது, மை பிக்மெண்ட் (நுண்ணிய நிறமித் துகள்) வகையா, கரையும் சாய வகையா என்பதும், காகிதத்தில் வெண்மையூட்டும் ரசாயனம் சேர்த்திருக்கிறதா என்பதும். சாய மை சீக்கிரம் வெளுக்கும். அந்த ரசாயனம் சேர்த்த தாள் வாங்கும்போது பளிச்சென்று இருந்து, சில ஆண்டுகளில் மஞ்சளடிக்கும். அமிலமற்ற பருத்தித் தாளில், சதுர மீட்டருக்கு 300 கிராம் அளவிலான கனத்தில், பிக்மெண்ட் மை என்றால் போதுமானது. “நூறாண்டு மங்காது” என்பதைச் சற்றுத் தள்ளி வைத்தே கேளுங்கள். அந்த எண்கள் கடும் ஒளியில் விரைவுபடுத்திச் செய்த சோதனைகளிலிருந்து நீட்டிக் கணக்கிட்டவை. பரவலாக மேற்கோள் காட்டப்படும் ஒரு சோதனை முறை, கண்ணாடிக்குப் பின்னால் நாளுக்கு 12 மணி நேரம் 450 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் என்று வைத்துக்கொள்கிறது. சன்னலோரச் சுவரில் பகலில் அதைப் போலப் பல மடங்கு வெளிச்சம் விழலாம். எந்த மை எதைவிட நீடிக்கும் என்ற வரிசையை அச்சோதனைகளிலிருந்து நம்பலாம். உங்கள் வீட்டில் எத்தனை ஆண்டு என்பதை நம்ப முடியாது.

பளபளப்பில்லாத மேட் தாளா, சற்றுப் பளபளப்புள்ள தாளா என்பது ஓவியத்தைப் பொறுத்தது. மேட் தாளில் கறுப்பு முழுக் கறுப்பாக இறங்காது. அடர்ந்த சாம்பல்தான் கிடைக்கும். வெளிச்சம் நிறைந்த பால் ஊற்றும் பெண்ணுக்கு அது குறையே அல்ல. சுண்ணாம்புச் சுவரின் தன்மைக்கு மேட் தாள் உண்மையில் பொருந்தி வரும். ரெம்ப்ராண்டின் முகச்சித்திரங்கள், கருத்த பின்னணியிலுள்ள மலர்க் கொத்துகள் போன்றவற்றுக்கு மேட் தாள் ஆகாது. வார்னிஷ் பூசிய எண்ணெய் ஓவியத்தின் ஆழ்ந்த இருள், பரைட்டா (பேரியம் சல்பேட்) பூச்சுள்ள தாளில்தான் ஓரளவுக்காவது வரும். கான்வாஸ் பற்றியும் ஒரு வார்த்தை. அசலும் துணியில் வரைந்ததுதானே என்ற வாதம் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் வெர்மீரின் துணி, பூச்சுக்கும் வண்ணத்துக்கும் அடியில் கிடக்கிறது. அச்சுக் கான்வாசின் நெசவோ மையின் மேலே எழுந்து நிற்கிறது. சிறிய படத்தில் அந்த நெசவு ஆணியையும் அதன் நிழலையும் தின்றுவிடும். மேலே பிசின் தடவித் தூரிகைக் கோடு போலச் செய்து கொடுப்பதற்குக் கூடுதலாகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அந்தக் கோடுகள் தடவியவரின் கையசைவே தவிர வெர்மீருடையவை அல்ல.

வெர்மீர் இறந்தது 1675இல். ஓவியத்துக்குக் காப்புரிமை இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, உரிமைக் காலம் முடிந்த ஓவியத்தை உள்ளபடியே எடுத்த படத்துக்குப் புதிதாக உரிமை கோரவும் முடியாது. எனவே கடைக்குக் கொடுப்பது மைக்கும் தாளுக்கும் வேலைக்கும் மட்டும்தான். அருங்காட்சியகக் கோப்பை நீங்களே தரவிறக்கி, பிக்மெண்ட் மை இயந்திரம் வைத்திருக்கும் நல்ல ஃபோட்டோ லேபில் கொடுத்து அச்சிட்டுக்கொள்வதுதான் நான் எல்லோருக்கும் சொல்லும் வழி. கோப்போடு வரும் ஐசிசி ப்ரொஃபைலை (நிறங்களை எப்படிப் படிக்க வேண்டும் என்று இயந்திரத்துக்குச் சொல்லும் குறிப்பை) நீக்காமல் கொடுங்கள், “கொஞ்சம் பிரைட் பண்ணித் தரட்டுமா” என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். முழுப்படத்துக்கு முன், ஆணியும் முகமும் நீலத் துணியும் அடங்கும் ஒரு பட்டையை இறுதி அளவிலேயே அதே தாளில் சோதனையாக அச்சிடச் சொல்லி, வீட்டுக்குக் கொண்டுவந்து, மாட்டப்போகும் சுவரில், பகலில் ஒருமுறையும் இரவு விளக்கில் ஒருமுறையும் பாருங்கள். மஞ்சள் எல்இடி விளக்கின் கீழ் எந்த நல்ல அச்சும் அந்தப் பழைய மஞ்சள் நகலைப் போலத்தான் தெரியும். அப்போது அச்சைக் குறை சொல்லாமல் விளக்கை மாற்றுவது மலிவு.

நீங்கள் கடலோர ஊரில் இருப்பதாக எழுதியிருப்பதால் ஃபிரேம் போடும்போது சிலவற்றில் விட்டுக்கொடுக்க வேண்டாம். கண்ணாடி அச்சின் மேல் ஒட்டிக்கொண்டு இருக்கக் கூடாது. ஈரப்பதத்தில் மை கண்ணாடியோடு பிடித்துக்கொள்ளும். அமிலமற்ற மவுன்ட் போர்டு இடையில் இருந்தால் அந்த இடைவெளி தானாகக் கிடைத்துவிடும். அச்சைப் பசை போட்டு அட்டையோடு முழுக்க ஒட்டவோ, செலோ டேப் போடவோ விடாதீர்கள். மேல் விளிம்பில் இரண்டு இடங்களில் மட்டும் அமிலமற்ற காகித நாடாவால் தொங்கவிட்டால் தாள் ஈரத்துக்கேற்ப விரிந்து சுருங்க இடம் இருக்கும். ஃபிரேமின் பின்புறம் கீழ் மூலைகளில் சிறு ரப்பர் குமிழ்கள் வைத்துச் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்றுப் போக விடுங்கள், பூஞ்சை பிடிப்பது குறையும். தங்க முலாம் ஃபிரேமைத்தான் கடையில் முதலில் எடுத்துக் காட்டுவார்கள். அந்தக் காலத்து டச்சு வீடுகளில் கருங்காலி மரத்தாலும், கருஞ்சாயம் ஏற்றிய பேரி மரத்தாலும் செய்த கறுப்புச் சட்டங்களே பெரிதும் வழக்கில் இருந்தன. அகலம் குறைந்த, பளபளப்பில்லாத கறுப்புச் சட்டம் இந்த ஓவியத்துக்குப் பொருத்தம், விலையும் குறைவு.